தோட்டத்து ரகசியம், ஆறு தட்டு

கல்லாவில் யார் உட்காருவது என்பதுதான் அந்தக் குடும்பத்தில் நெடுநாளாக நடந்துகொண்டிருந்த வழக்கு. மாமனார் உட்கார்ந்திருந்தார். மருமகளுக்கு உட்கார ஆசை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கணவன், ஓட்டலுக்குக் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனால் வீட்டில் சண்டை ஓய்ந்த பிறகுதான் திரும்புவான். சண்டை ஓயாததால் அவன் பெரும்பாலும் சந்தையிலேயே இருந்தான்.

மருமகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தவள். "எனக்கும் வயசாகுது, ஓட்டலைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்" என்று மாமனார் ஒருமுறை பெருமூச்சு விட்டதை நம்பி ராஜினாமா செய்துவிட்டாள். வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது அவர் தினமும் சாப்பிட்டு முடித்ததும் விடும் பெருமூச்சு என்று. நம்பி வந்தவளுக்குக் கிடைத்த பொறுப்பு, மேசைக்கு மேசை வைக்கும் காகித நாப்கின்களை முக்கோணமாக மடிப்பது. வாடிக்கையாளர்களிடம் மாமனார் அவளை, "நம்ம மருமக. படிச்சவ. நாப்கினை எப்படி மடிச்சிருக்கா பாருங்க" என்று அறிமுகப்படுத்துவார்.

ஒருநாள் மருமகள் மடிப்பதை நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, மெனு கார்டை ஃபோன்ல கொண்டுவந்துடலாம். மேசைல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுவோம். ஃபோனைக் காட்டினா மெனு வரும். வேணுங்கறதை அவங்களே அமுக்கிக்கலாம். ஆர்டர் நேரா சமையலறைக்குப் போயிடும்."

"வர்றவன் சாப்பிட வர்றானா, ஃபோன் பார்க்க வர்றானா?"

"ரெண்டுக்கும்தான் மாமா. கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

மாமனார் திரும்பிப் பார்த்தார். எல்லா மேசையிலும் ஒரு கை தட்டில் இருந்தது, மறு கை ஃபோனில் இருந்தது. பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மருமகள் விடவில்லை. காலையில் கேட்டாள், மதியம் கேட்டாள். மாமியாரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைசியில் மாமனார் இறங்கி வந்தார். இறங்கும்போதே ஒரு நிபந்தனையோடு இறங்கினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மதியம். அந்த ஒரு வேளை. எல்லாரும் நல்லபடியா சாப்பிட்டுட்டுப் போனா, நீ கல்லாவில உட்காரு. நான் வீட்டில உட்கார்றேன். ஆனா ஒரே ஒரு மேசை சாப்பிடாம எழுந்து போனாலும், ஸ்டிக்கரை நீயே சுரண்டி எடுத்துடணும். அப்புறம் இந்த நாற்காலியைப் பத்தி மூச்சு விடக்கூடாது. சரியா?"

"சரி" என்றாள் அவள். நாற்காலியை ஒருமுறை அளவெடுப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஓட்டலின் மெனு கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாமனாருக்குச் சொந்த மகனைவிட அதில்தான் பெருமை அதிகம். "பக்கத்துத் தெரு ஓட்டல்ல மெனு ஒரே ஒரு பக்கம். நம்மகிட்ட எட்டுப் பக்கம்" என்று சொல்லாத நாளில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட அந்தக் கார்டை வாடிக்கையாளர்கள் இரண்டு கையாலும் வாங்குவார்கள். சூப்பில் ஆரம்பித்து, வறுத்தது, பொரித்தது, சுட்டது, வேகவைத்தது என்று போய், 'ஏழு கடல் தட்டு', 'மகாராணியின் மாலை', 'தோட்டத்து ரகசியம்' என்றெல்லாம் பெயர்கள் வரும். மருமகள் எட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்து ஃபோனில் ஏற்றினாள். மாமனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்த்தார். "ஒண்ணையும் விடாதே. விட்டா கார்டோட மரியாதை போயிடும்" என்றார்.

படம் எடுப்பதில்தான் சிக்கல் வந்தது. சமையலறையிலிருந்து வெளியே வரும் தட்டுகளை எல்லாம் படம் பிடித்தாள். சில பண்டங்கள் மட்டும் எத்தனை நாள் காத்திருந்தும் வரவே இல்லை. மாஸ்டரிடம் கேட்டாள். அவர் வெங்காயத்தை விட்டுத் தலை தூக்காமல், "ஆர்டர் வந்தா பார்த்துக்கலாம் சின்னம்மா" என்றார். சரி என்று அவற்றுக்கெல்லாம், வெள்ளி மூடியால் மூடிய ஒரு தட்டின் படத்தைப் பொதுவாகப் போட்டுவிட்டாள்.

அவள் ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் மூத்த சப்ளையர். அவருக்கு 'இப்பத்தான்' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளம் கொடுக்கிற மாமனாருக்கே மறந்துபோயிருந்தது. யாராவது கார்டைப் பார்த்து 'ஏழு கடல் தட்டு' கேட்டால், அவர் சமையலறைப் பக்கம் ஒரு துயரப் பார்வை பார்ப்பார். "அடடா, இப்பத்தான் சார் முடிஞ்சுது. அதோ அந்த மேசைக்குப் போச்சு பாருங்க, அதான் கடைசி" என்பார். கேட்டவர் அந்த மேசையைப் பொறாமையோடு பார்ப்பார். அங்கே யாரோ பாவம், வெறும் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். மருமகளும் பல தடவை இதைக் கேட்டிருக்கிறாள். சரக்கு போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். "கொஞ்சம் கூடச் செய்யச் சொல்லலாமே மாமா" என்று ஒருமுறை யோசனைகூடச் சொன்னாள். மாமனார் இருமி இருமிச் சிரித்தார். எதற்கு என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

முதலில் வந்த பெரியவர், ஸ்டிக்கரின்மேல் ஃபோனைக் குப்புறப் படுக்கவைத்து, சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல மேலும் கீழும் தேய்த்தார். அடுத்தவர் ஃபோனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்றார்.

"இதைக் காட்டினா பேங்க்ல இருக்கறது எல்லாம் போயிடுமாமே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். சாப்பிட்டதுக்கு மட்டும்தான் போகும்."

மூன்றாவது மேசைக்கு சிக்னல் கிடைக்கவில்லை. கை கழுவும் இடத்தில் நன்றாகக் கிடைக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, பாதிக் கூட்டம் ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றது. கை கழுவ வந்தவர்கள் வரிசை என்று நினைத்துப் பின்னால் நின்றார்கள். ஒரு மேசையில் கணவன், "எனக்கு சூப் போதும், உடம்பைக் குறைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் ஃபோனை வைத்து இனிப்பை அமுக்கினான். இனிப்பு சூப்புக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாமனார் கல்லாவில் கைகட்டி உட்கார்ந்து, நல்ல நாடகத்துக்கு முன்வரிசை கிடைத்தவர் மாதிரி எல்லாவற்றையும் ரசித்தார். இப்பத்தான் தூணோரமாக, அழைக்காத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்போல நின்றார்.

"என்ன மொதலாளி, நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

"இருப்பா. கூத்து இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு."

ஆனால் மருமகள் அசரவில்லை. மேசைக்கு மேசை ஓடினாள். பெரியவரின் ஃபோனைத் திருப்பிப் பிடித்துக்கொடுத்தாள். பயந்தவரின் ஆர்டரைத் தன் ஃபோனிலேயே போட்டாள். சிக்னல் பெட்டியை அலமாரி உச்சியிலிருந்து இறக்கிக் கூடத்துக்கு நடுவில் வைத்தாள். மெல்ல மெல்ல எல்லாம் பிடிபட்டது. சமையலறையில் குட்டி பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று ஆர்டர் துண்டுகளைத் துப்பியது. தட்டுகள் தப்பாமல் மேசைக்கு வந்தன. மாமனாரின் கட்டிய கை தளர்ந்தது. முகமும் கொஞ்சம் தொங்கியது.

அந்த நேரத்தில்தான் ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தோடு உள்ளே வந்தார்.

ஜவுளிக்கடைக்காரரும் மாமனாரும் பால்ய நண்பர்கள். தினமும் காலையில் சேர்ந்து நடப்பார்கள். கால் நடப்பதைவிட அதிகமாக வாய் நடக்கும். இவர் எட்டுப் பக்க மெனு என்றால் அவர் பத்து ஷட்டர் கடை என்பார். இவர் முழங்கால் வலி என்றால் அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலிக்கும். மனைவி, மகன், மருமகள், இரண்டு பேத்திகள் சூழ, அவர் பெரிய மேசையில் அமர்ந்தார். பேத்தி ஃபோனைக் காட்டி மெனுவைத் திறந்து கொடுத்தாள். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். வெள்ளி மூடி போட்ட தட்டில் விரல் நின்றது.

"தோட்டத்து ரகசியம்! அப்பாடா. ஆறு போடு."

பேத்தி போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் கையில் துண்டோடு சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கூடத்துக்கு வருவது நெருப்புப் பிடித்தால்தான்.

"சின்னம்மா, இது என்னது?"

"தோட்டத்து ரகசியம், ஆறு தட்டு."

"படிக்கத் தெரியும். என்னதுன்னு கேக்கறேன்."

"அதை நீங்கதானே எனக்குச் சொல்லணும்?"

மாஸ்டர் இப்பத்தானைப் பார்த்தார். இப்பத்தான் மாமனாரைப் பார்த்தார். மாமனார் விட்டத்தைப் பார்த்தார். மருமகள் மாமனாரைக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்கு அழைத்துப்போனாள்.

"மாமா, அந்தத் தட்டில என்ன இருக்கும்?"

மாமனார் எண்ணெய் டின்களைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "முதல்முதல்ல கார்டு அடிக்கறப்ப, அச்சாபீஸ்காரன் பின்னாடி பக்கமெல்லாம் காலியா இருக்குன்னான். காலியா விட்டா நல்லாவா இருக்கும்? அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்."

"அப்ப ஏழு கடல் தட்டு?"

"அதுவும்தான்."

"மகாராணியின் மாலை?"

"அது கொஞ்சம் நல்லா வந்திருந்துது."

"சரி, இந்த ரகசியத்துல என்னதான் ரகசியம்?"

"அதைத்தான் ரகசியம்னு எழுதிட்டேனேம்மா!"

மருமகளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்த ஓட்டலில் இல்லாத பண்டத்தை இல்லாமலே நடத்திக்கொண்டு போனது 'இப்பத்தான்' என்ற ஒற்றை ஆள். அந்த ஆளைத் தூணோரம் நிறுத்திவிட்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஃபோனில் ஏற்றியவள் அவள். ஒன்றையும் விடாதே என்றவர் இவர்.

"இப்பத்தானை அனுப்பு. வழக்கம்போல சொல்லிட்டு வரட்டும்" என்றார் மாமனார்.

இப்பத்தான் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு உற்சாகமாகப் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"மொதலாளி, அவர் கையில ஆதாரம் இருக்கு. 'உங்கள் ஆர்டர் தயாராகிறது'ன்னு ஃபோன்ல பெரிசா போட்டிருக்கு. 'ஃபோன் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா'ன்னு கேக்கறார். எனக்குப் பேச்சு வரல. என் சர்வீஸ்ல இப்படி நடந்ததே இல்ல."

மாமனார் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப அவன் சாப்பிடாமதான் எழுந்து போகப்போறான். நம்ம பேச்சு ஞாபகம் இருக்கில்லம்மா? ஒரு மேசை எழுந்தாலும்…"

விட்ட வேலை, மடித்த நாப்கின், இதோ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நாற்காலி, எல்லாம் மருமகளின் மனதில் வந்து போயின. பிறகு ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"போகட்டும் மாமா. பேச்சு பேச்சுதான். ஆனா போறதுக்கு முன்னாடி ஏன் இல்லன்னு கேப்பாரு. பெரியவர்கிட்ட நான் பொய் சொல்ல முடியுமா? அச்சாபீஸ் கதையை உள்ளது உள்ளபடி சொல்லிடறேன். நாளைக்குக் காலைல நடக்கப் போறப்ப மிச்சத்தை நீங்க பேசிக்கங்க."

மாமனாருக்கு வந்த வெளிச்சம் அணைந்தது. காலை நடையில் ஜவுளிக்கடைக்காரர் அந்தக் கதையை எந்த மரத்தடியில் ஆரம்பித்து எந்தப் பெஞ்சில் முடிப்பார் என்பதுவரை அவருக்குத் தெரிந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"முதல்ல ஆறு தட்டு வெளியே வரட்டும்."

மருமகள் சமையலறைக்கு ஓடினாள். மாஸ்டரைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும். தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

"மாஸ்டர், இது உங்களுக்குச் செய்ய வராதுன்னு மாமா சொல்றாங்க. பக்கத்துத் தெரு மாஸ்டரைக் கொஞ்சம் கூப்பிடலாமான்னு கேக்கறாங்க."

மாஸ்டரின் கரண்டி பாதியில் நின்றது.

"யாரை? அவனையா? உப்பு எது சர்க்கரை எதுன்னு நக்கிப் பார்த்துத் தெரிஞ்சுக்கறவனையா?" கரண்டியை மேடையில் அடித்தார். "தோட்டத்து ரகசியம்தானே சின்னம்மா! கேட்டவுடனே சட்டுனு ஞாபகம் வரல, அவ்வளவுதான். எத்தனை பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"அதானே. எதெது போடுவீங்க?"

மாஸ்டர் அடுப்பைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். ஒரு கூடையில் காளான் இருந்தது. "காளான்" என்றார். பக்கத்தில் பீன்ஸ் இருந்தது. "பீன்ஸ். அப்புறம்…" கொஞ்சம் எட்டிப் பார்த்து, "கேரட்" என்றார். நறுக்கிய காயைப் பாலேட்டில் புரட்டி, மிளகைத் தாராளமாகத் தூவி, ஆறு கிண்ணத்தில் நிரப்பினார். ரகசியம் என்றால் மறைத்தாக வேண்டுமே என்று, ரொட்டிக்குப் பிசைந்த மாவைத் தட்டி மூடிபோல ஒட்டினார். கிண்ணங்கள் ரொட்டி சுடும் அடுப்புக்குள் போயின. மாவு உப்பிப் பொன்னிறமாக வந்தபோது, மாஸ்டரே ஒருமுறை குனிந்து ஆச்சரியமாகப் பார்த்தார். மருமகள் பார்ப்பதைக் கண்டதும், "எப்பவும் இப்படித்தான் வரும்" என்றார்.

இப்பத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து மற்ற மேசைகள் சாப்பிடுவதை நிறுத்தின.

ஜவுளிக்கடைக்காரர் கரண்டியால் மூடியை உடைத்தார். ஆவி எழுந்தது. பேத்திகள் கைதட்டினார்கள். அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, மெல்ல மென்றார். கல்லாவில் மாமனார் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் மருமகளும் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ம்…" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காலத்து ருசி வரல."

மருமகள் தன் காதையே நம்பவில்லை.

"நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி வாராவாரம் வந்து இதைத்தானே சாப்பிடுவீங்க" என்றாள் அவர் மனைவி. "இதைப் பத்திச் சொல்லிச் சொல்லியே என் சமையலைக் குறை சொல்லுவாரும்மா" என்று கல்லாவோரம் நின்ற மருமகளிடம் புகார் வேறு செய்தாள்.

"அப்பல்லாம் மேல இருக்கற மூடி இன்னும் மெல்லிசா இருக்கும்" என்ற ஜவுளிக்கடைக்காரர் கல்லாப் பக்கம் திரும்பினார். "இல்லியாப்பா? நீயே சொல்லு."

கூடமே மாமனாரைப் பார்த்தது. நண்பர் புளுகுகிறார் என்று மாமனாருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் தன் புளுகைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஆமாமா. இப்ப மாவு முன்ன மாதிரி எங்க வருது?"

"அப்ப விறகு அடுப்பு சார்!" என்று சமையலறைக் கதவிடுக்கில் மாஸ்டரின் தலை சொன்னது.

"ஒரு கையில மூணு, இன்னொரு கையில மூணுன்னு தூக்கிட்டு ஓடுவேன்" என்றார் இப்பத்தான். அவர் கண்ணில் லேசாக நீர்கூடக் கட்டியிருந்தது.

ஜவுளிக்கடைக்காரர் மருமகளைப் பரிவோடு பார்த்தார். "நீ புதுசு. உனக்கு அதெல்லாம் எங்கம்மா தெரியப்போகுது?"

"நான் சாப்பிட்டதே இல்ல சார்" என்றாள் மருமகள். அந்த வேளையில் அந்தக் கூடத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து ஃபோனை அமுக்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஸ்டிக்கருக்கு இஸ்திரி போட்ட பெரியவர்கூடத் தப்பில்லாமல் ஃபோனைப் பிடித்து இரண்டு போட்டார். பிரிண்டர் விடாமல் துப்பியது. காளான் தீர்ந்துவிட்டது என்று மாஸ்டர் அலற, மருமகள் கணவனைக் கூப்பிட்டு, இருக்கிற காளானை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிவரச் சொன்னாள். சண்டை முடிந்துவிட்டதா என்று அவன் கேட்டான். கிட்டத்தட்ட என்றாள்.

கடைசி மேசை ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து போனபோது வெயில் வாசற்படியிலிருந்து தெருவுக்கு இறங்கியிருந்தது. சாப்பிடாமல் எழுந்தவர் ஒருவரும் இல்லை. மாமனார் கண்ணாடிக் கூட்டை எடுத்தார், மாத்திரை டப்பாவை எடுத்தார், தலையணைபோல முதுகுக்கு வைத்திருந்த மடித்த துண்டை எடுத்தார். எடுக்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

"நாளையிலேருந்து நீ…"

"இன்னையிலேருந்து மாமா."

அவர் எழுந்துகொண்டார். அவள் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் மாமனார், கல்லா மேசையில் கை ஊன்றிக்கொண்டு. "ஃபோன்ல தோட்டத்து ரகசியம் படத்துக்குக் கீழ ரெண்டு வரி போடணும். நான் சொல்றேன், நீ எழுது."

"சொல்லுங்க."

"'ஓட்டல் ஆரம்பித்த நாள் முதல், விறகு அடுப்பில், மெல்லிய மாவு மூடியுடன்…'"

மருமகளின் விரல் நின்றது. இத்தனை நாளாக அவள் அந்த மெனுவில் எழுத்துப்பிழைகூட இல்லாமல் பார்த்துக்கொண்டவள்.

"மாமா, இதை எழுதித்தான் ஆகணுமா?"

மாமனார் அவளை நேராகப் பார்த்தார். "நாற்காலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மருமகள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள், பின்னால் சாய்ந்தாள்.

"லேசா ஆடுது."

"ஒரு கால் கொஞ்சம் கட்டை. உட்கார்றவங்களுக்குத்தான் தெரியும். பழகிடும்" என்றார் அவர். "ம், விட்ட இடத்துலேருந்து எழுது. 'மெல்லிய மாவு மூடியுடன்…'"

அவள் எழுதினாள்.